கல்லைப் பார்த்த கண்

கிழக்கிலங்கை நெசவூரான மருதமுனையில் தறிச் சத்தம் கேட்கும் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தால், பாவுக்குக் குறுக்கே நாடா ஓடி ஓடி ஒரு சாரம் விரற்கடை விரற்கடையாக வளர்வது தெரியும். நாளை அதே சாரத்தை நூதனசாலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால், பக்கத்தில் என்ன எழுதி வைப்போம்? நீள அகலத்தை மட்டுமா?

எழுத வேறு நிறைய உண்டு என்று காட்டியவர் ஒரு புவிச்சரிதவியலாளர். ஆனந்த குமாரசுவாமி 1877இல் கொழும்பில் பிறந்தார். தந்தை சேர் முத்து குமாரசுவாமி, தாய் ஆங்கிலேயர். இரண்டு வயது நிறையுமுன்னே தந்தை மறைந்துவிட, பிள்ளை இங்கிலாந்தில் வளர்ந்தது. லண்டனில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் படித்துவிட்டு இலங்கைக்கு வந்தவர், 1903 முதல் 1906 வரை கனிய ஆய்வுப் பணிப்பாளராக இருந்தார்.

பிரையர் என்பவருடன் சேர்ந்து அவர் விவரித்த புதுக் கனியத்துக்கு செரண்டிபைட் என்று பெயர். அரபு வணிகர்கள் நம் தீவை அழைத்த செரந்தீப் என்ற பெயர் அந்தக் கல்லில் இருக்கிறது. 1904இல் கனத்த கருநிறக் கல் ஒன்று அவர் கைக்கு வந்தது. கட்டம் கட்டமான படிகங்கள். யுரேனியக் கனியம் என்றே முதலில் எண்ணினார். லண்டனில் பகுத்துப் பார்த்தபோதுதான் அதில் பெரும்பங்கு தோரியம் என்று தெரிந்தது. இன்று அதன் பெயர் தோரியனைட்.

கல் தேடி மலைநாட்டுக் கிராமங்களில் அலைந்தபோது கொல்லரும் குயவரும் நெசவாளரும் கண்ணில் பட்டார்கள். இறக்குமதிச் சரக்கின் முன் அவர்களுடைய தொழில் நொடிந்துகொண்டிருந்தது. மனைவி எதெல் படம் பிடிக்க, இவர் எழுதினார். அப்படி உருவான மத்தியகாலச் சிங்களக் கலை நூல், ஆங்கிலக் கைவினைக் கலைஞர் வில்லியம் மொரிஸின் அச்சகத்திலிருந்து வந்த கை அச்சுப் பொறியில் அச்சாகி 1908இல் வெளிவந்தது, 425 பிரதிகள்தான். ஒரு கனியத்தை எவ்வளவு நுணுக்கமாகக் குறித்தாரோ, அவ்வளவு நுணுக்கமாகக் கைவினையையும் குறித்தார். அவருடைய வாழ்வில் இதுவே பெரிய காரியம் என்று தோன்றுகிறது.

பின்னர் இந்தியாவில் தாம் சேர்த்த கலைப்பொருட்களை அங்கேயே வைக்க விரும்பினார். காசியில் ஒரு தேசிய நூதனசாலை வேண்டும் என்று கேட்டார். நடக்கவில்லை. 1917இல் அச்சேகரிப்பு பொஸ்டன் நுண்கலை நூதனசாலைக்குப் போனது, கூடவே அவரும் காப்பாளராகப் போனார். 1947இல் இறக்கும்வரை முப்பது வருடம் அங்கேதான். பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொன்றும் ஒருகாலத்தில் யாரோ புழங்கிய பொருள், எதற்காகச் செய்தார்கள் என்பதைச் சொல்வதே காப்பாளரின் வேலை என்பது அவர் விடாமல் சொன்ன வாதம்.

மருதமுனைத் தறிக்கும் அப்படியொரு பதிவேடு வேண்டும். தறியின் ஒவ்வொரு உறுப்புக்கும் நெசவாளர் வாயில் புழங்கும் பெயர், பாவு ஓட்டும் முறை, சாயம் தோய்க்கும் பக்குவம், எந்தக் கரை எந்த வீட்டிலிருந்து வந்தது என்ற விவரம். சொல்லித்தர மூத்த கைகள் இன்னும் தறியில் இருக்கின்றன.