நிணநீரும் மண்ணீரலும்

வயலுக்கு நீர் பாய்ச்சும் வாய்க்கால் எத்துணை வேண்டற்பாலதோ, மிகுநீரை அகற்றும் வடிகாலும் அத்துணை வேண்டற்பாலது. நம் உடம்பினுள் குருதிக் குழாய்கள் வாய்க்கால். நிணநீர்க் குழாய்கள் வடிகால்.

இதயம் உந்தும் விசையாற் குருதியின் நீர்ப்பகுதி மயிர்த்துளைக் குழாய்களினின்றும் கசிந்து இழையங்களுக்கு உணவூட்டுகின்றது. அங்கு மிஞ்சும் நீர் தனிக் குழாய்களுட் புகுந்து நிணநீர் எனப் பெயர் பெறும். இதனை உந்துதற்கு இதயம் போன்றதோர் உறுப்பு மனிதருக்கில்லை. குழாய்கள் தாமே சுருங்குதலாலும், தசைகளின் அசைவாலும், மூச்சியக்கத்தாலும் அது மெல்ல மேலேறும். வால்வுகள் அதனைப் பின்னோக்க விடா. ஈற்றில் அது கழுத்தடியிலுள்ள நாளங்களிற் கலந்து மீண்டும் குருதியாகின்றது.

செல்லும் வழியில் நிணநீர்க்கணுக்கள் அதனை வடிகட்டுகின்றன. காலிற் புண்பட்டவருக்குத் தொடையிடுக்கில் நெறி கட்டுவது, அக்கணுக்கள் கிருமியோடு பொருதலின் அடையாளமே. யானைக்கால் நோயில் நுண்புழுக்கள் இக்குழாய்களிற் குடிபுகுந்து அவற்றைக் கெடுத்துவிடுதலால், வடிகாலற்ற கால் வீங்குகின்றது.

இத்தொகுதியின் மிகப் பெரிய உறுப்பு மண்ணீரல். இடப்புற விலாவெலும்புகளின் கீழ், ஏறத்தாழ 150 கிராம் நிறையினதாய் அது அமைந்துள்ளது. கணுக்கள் நிணநீரை வடிகட்ட, மண்ணீரலோ குருதியையே வடிகட்டுகின்றது. ஏறத்தாழ 120 நாள் உழைத்து மூப்படைந்த செங்குழியங்கள் பல இங்கே அழிக்கப்படுகின்றன. அவற்றின் இரும்பு வீணாகாது மீண்டும் பயன்படுகின்றது. குருதியிற் புகுந்த கிருமிகளை எதிர்க்கும் பிறபொருளெதிரிகளும் இங்கு உருவாகின்றன.

மலேரியாவில் இவ்வுறுப்புப் பெருத்துவிடும். அந்நோய் இந்நாட்டில் மலிந்திருந்த காலத்தில், பாடசாலைப் பிள்ளைகளின் வயிற்றைத் தடவி, மண்ணீரல் வீங்கியோர் எத்தனை பேர் எனக் கணக்கிட்டே ஓரூரின் நிலையை மதிப்பிட்டனர். இலங்கை மலேரியா அற்ற நாடென்றும், யானைக்கால் நோய் இங்கு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லையென்றும் உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டில் அறிவித்தமை நாம் மகிழத்தக்கது.

மண்ணீரலை அகற்றினும் மனிதன் வாழ்வான். அதனால் அஃதொரு வேண்டா உறுப்பென்று கருதியோரும் உளர். எனினும் 1952இல் கிங், சூமாக்கர் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் இருவர், அதனை இழந்த குழந்தைகளைக் கொடிய கிருமித்தொற்று பற்றுதலை எடுத்துக்காட்டினர். அதன்பின்னர், விபத்திற் சிதைந்த மண்ணீரலையும் இயன்றவரை காக்கும் முறை வளர்ந்தது. அதனை இழந்தோர் உரிய தடுப்பூசிகளைப் பெறுதல் வேண்டும். காய்ச்சல் கண்டால், சிறிதெனக் கருதாது அன்றே மருத்துவரை நாடுதல் வேண்டும்.