படிகம் தோண்டிய காலமும் படம் பிடிக்கும் காலமும்

லெகோ நிறுவனம் 1995-இல் வெளியிட்ட ‘நெப்டியூன் டிஸ்கவரி லேப்’ பெட்டியில் ஏறக்குறைய 500 துண்டுகள் இருந்தன. 2020-இல் வந்த ‘ஓஷன் எக்ஸ்ப்ளொரேஷன் பேஸ்’ பெட்டியில் 497. இரண்டும் கடலடியில் மனிதர்கள் தங்கி வேலை பார்க்கும் நிலையங்கள். இரண்டிலும் நீர்மூழ்கி உண்டு, முதுகில் காற்றுக் கலம் சுமந்த ஆட்கள் உண்டு. கால் நூற்றாண்டு இடைவெளியில் துண்டுகளின் எண்ணிக்கை கூடவுமில்லை, குறையவுமில்லை. அந்தக் குட்டி ஆட்கள் கடலடிக்கு எதற்காகப் போனார்கள் என்பதுதான் மாறியிருக்கிறது.

1995-இன் ஆட்களுக்கு ‘அக்வானாட்’ என்று பெயர். தங்கியிருந்த இடத்தின் பெயர் ஆய்வகம், பார்த்த வேலையோ சுரங்க வேலை. கடலின் அடியிலிருந்து ‘ஹைட்ரலேட்டர்’ என்ற படிகங்களைத் தோண்டி எடுப்பார்கள். அவற்றைத் திருட ‘அக்வாஷார்க்’ என்றொரு கூட்டம் வரும். ‘அக்வாசோன்’ எனப்பட்ட இந்த வரிசைதான் லெகோவின் முதல் கடலடி உலகம். அதன் அச்சு முழுக்க முழுக்க விண்வெளியுடையது. 1978 முதல் விண்வெளிப் பெட்டிகளை விற்றுப் பழகியவர்கள், அதே இரு தரப்புச் சண்டையை, அதே கண்ணாடிக் கூரைகளைத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டார்கள். 1998-இல் ‘ஹைட்ரோனாட்’ வந்தார்கள், எதிரிகளாக ‘ஸ்டிங்ரே’க்கள் வந்தார்கள், அத்தோடு வரிசை முடிந்தது. அதற்குப் பிறகு 2007-இல் ‘அக்வா ரெய்டர்ஸ்’ புதையலுக்காக ராட்சதப் பிராணிகளோடு மல்லுக்கட்டினார்கள். 2010-இல் ‘அட்லாண்டிஸ்’ ஆட்கள் மூழ்கிய நகரத்தின் வாசலைத் திறக்கச் சாவி தேடி அலைந்தார்கள். படிகம், புதையல், சாவி என எதுவானாலும் கடல் என்பது எதையோ எடுத்துக்கொண்டு மேலே வருவதற்கான இடம்.

இன்றைய பெட்டிகளில் எதிரி இல்லை. 2015-இல் ‘சிட்டி’ வரிசையில் ஆழ்கடல் ஆய்வுக் கப்பல் வந்தபோதே வில்லன்கள் விடைபெற்றுவிட்டார்கள். 2020-இன் வரிசை நேஷனல் ஜியாகிரஃபிக் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கப்பட்டது. அதில் ஜெசிக்கா ஷார்ப் என்ற கடல் ஆய்வாளர் ஒரு பொம்மையாக வருகிறார். இவர்கள் சுறாவைக் கண்டால் ஈட்டித் துப்பாக்கியைத் தூக்குவதில்லை, படம் எடுக்கிறார்கள். ஆளில்லாக் கருவியை முன்னே அனுப்பிப் பார்க்கிறார்கள். உடைந்த கப்பலும் அதில் ஒரு பெட்டிப் புதையலும் மட்டும் விடாமல் கூடவே வருகின்றன. அதை விட்டுவிட விற்பனைப் பிரிவுக்கு மனம் வந்திருக்காது.

கட்டிப் பார்க்கும்போது வேறுபாடு கைக்கே தெரிகிறது. பழைய கையேடு மெலிந்தது. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே ஏழெட்டுத் துண்டுகள் சேர்ந்திருக்கும். எவை சேர்ந்தன என்று எங்கும் எழுதியிருக்காது. முந்தைய படத்தையும் இந்தப் படத்தையும் மாறி மாறிப் பார்த்து நாமே கண்டுபிடிக்க வேண்டும். கறுப்புத் துண்டுகள் அச்சில் ஒன்றோடொன்று கலந்து வெறும் மைக்கறையாகத் தெரியும். ஒரு துண்டை விட்டுவிட்டு இருபது படி தாண்டியபின் மேல்தளம் உட்காராமல் நிற்கும். பிறகு பிரிக்க வேண்டியதுதான். புதிய கையேடோ புத்தகம்போல் கனக்கிறது. ஒவ்வொரு படியின் மூலையிலும் என்ன துண்டு, எத்தனை என்று கட்டம் போட்டுக் காட்டுகிறார்கள். பைகளுக்கு எண் உண்டு. முதல் பையை முடித்தபின்தான் இரண்டாவதைப் பிரிக்க வேண்டும். தவறு நேர வாய்ப்பே குறைவு. ஒரு பிள்ளை யாருடைய உதவியும் இல்லாமல் ஒரே பிற்பகலில் முடித்துவிடும்.

அன்று பெட்டியின் பின்புறம் என்றொன்று இருந்தது. அதே துண்டுகளை வைத்துக் கட்டக்கூடிய வேறு மூன்று நான்கு உருவங்களின் படங்கள் அங்கே அச்சாகியிருக்கும். கையேட்டில் அவற்றுக்கு ஒரு வரி வழிகாட்டுதலும் கிடையாது. நிலையத்தைப் பிரித்து ஒரு நண்டு வடிவ வண்டியைச் செய்ய வேண்டுமென்றால், கைவிரல் அகலமுள்ள அந்தப் படத்தை உற்றுப் பார்த்தே செய்ய வேண்டும். பின்பக்கம் ஒளிந்திருக்கும் பாதியை ஊகிக்க வேண்டும். இன்றைய ‘சிட்டி’ பெட்டியின் பின்புறத்தில் அதே நிலையம் வேறு கோணத்தில் நிற்கிறது, கதவு எப்படித் திறக்கும், கரம் எப்படி மடங்கும் என்று அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். ஆகவே பெரும்பாலான வீடுகளில் ஒருமுறை கட்டியது அலமாரியில் ஏறிவிடுகிறது. இத்தனைக்கும் துண்டுகளின் குணம் மாறவில்லை. 1958 ஜனவரி 28-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அந்தக் குமிழும் குழாயும் இன்றைய துண்டோடும் கச்சிதமாகப் பொருந்தும். அக்வானாட்டின் மஞ்சள் கட்டையை 2020-இன் நிலையத்தில் செருகினால் அதே ‘டக்’ ஓசையோடு உட்காருகிறது. பழையதன் மஞ்சள் கொஞ்சம் மங்கியிருக்கும், அவ்வளவுதான்.

பிராணிகள் விஷயத்தில் புதியதற்கே என் ஓட்டு. லெகோவின் சுறா 1989-இல் கடற்கொள்ளையர் பெட்டிகளோடு வந்தது. மொண்ணை மூக்கு, வழவழப்பான உடல். எந்தச் சுறா என்று கேட்டால் பதில் கிடையாது, வெறும் சுறா. இன்றைய சுறாவுக்கு மூக்கு கூர்மை, கன்னத்தில் செவுள் கோடுகள் செதுக்கியிருக்கின்றன. கையில் எடுத்துக் கட்டைவிரலால் தடவினால் அந்தக் கோடுகள் நெருடும். அதோடு ஆமை, திருக்கை, ஆக்டோபஸ் என்று இனம் சொல்லக்கூடிய உருவங்கள் பெருகிவிட்டன. நீர்மூழ்கிகளும் அப்படியே. 2020 வரிசையின் அம்பர் நிறக் குமிழ்க் கூரைகளைப் பார்த்தால் உண்மையான ஆய்வுக் கலங்களின் கண்ணாடிக் கோளம் நினைவுக்கு வருகிறது. 1995-இன் நீர்மூழ்கியில் இறக்கைகளைத் தட்டையாக வைத்தால் விண்கலம்.

இந்த மாற்றத்துக்கு வாங்குபவர்களும் ஒரு காரணம். 2011-இல் ஜப்பானில், வாங்குபவர்களே யோசனை சொல்லி ஓட்டுப் போடும் முறையில் உருவான முதல் லெகோ பெட்டி ‘ஷின்காய் 6500’. 6,500 மீட்டர் ஆழம் வரை மூன்று பேரைக் கொண்டுபோகும் ஜப்பானின் ஆய்வு நீர்மூழ்கி அது. ஆயிரம் ஓட்டு தேவைப்பட்டது, கிடைத்தது, 412 துண்டுகளில் பெட்டி வந்தது. அட்லாண்டிஸின் கற்பனை அரக்கர்கள் கடைகளில் விற்றுக்கொண்டிருந்த அதே காலத்தில், ஆயிரம் பேர் உண்மைக் கலம் ஒன்றைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

உண்மைக் கடலின் பக்கம் திரும்பினால் கணக்கு தலைகீழாக ஓடுகிறது. அக்வானாட்டுகள் கடைக்கு வந்த 1995-இல்தான், மார்ச் 24 அன்று, ‘கைகோ’ என்ற ஜப்பானிய ஆளில்லாக் கலம் மரியானா அகழியில் 10,911 மீட்டர் இறங்கியது. அதுவரை அந்த ஆழத்தைத் தொட்ட மனிதர்கள் இருவரே, 1960-இல் ‘திரியெஸ்த்’ கலத்தில் போன ழாக் பிக்காரும் டான் வால்ஷும். இன்று இருபதுக்கும் மேற்பட்டோர் போய் வந்துவிட்டார்கள். அன்று ஆழ்கடலுக்குப் போவது பெரும்பாலும் பார்ப்பதற்காக. கடலடியில் சுரங்கம் என்பது காகிதத்தில் இருந்தது. ஐ.நா. கடல் சட்டம் 1994 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. நாட்டெல்லைகளுக்கு அப்பாலுள்ள கடலடிக் கனிமங்களை நிர்வகிக்கும் ஆணையம் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் அப்போதுதான் பிறந்தது.

இன்று அந்த ஆணையத்தின் கூட்டங்களில் தோண்டலாமா, நிறுத்தி வைக்கலாமா என்று காரசாரமாக விவாதிக்கிறார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் இப்போதைக்கு வேண்டாம் என்கின்றன. தேடப்படும் பொருள் படிகம் அல்ல. உருளைக்கிழங்கு அளவில் கறுப்பாகச் சேற்றின்மேல் கிடக்கும் உருண்டைகள், மாங்கனீசும் நிக்கலும் கோபால்ட்டும் தாமிரமும் அடங்கியவை. மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பை ஆய்வு செய்யும் உரிமை இந்தியாவிடம் இருக்கிறது. சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2021-இல் ‘வராஹா’ என்ற ஊர்தியை 5,270 மீட்டர் ஆழத்தில் ஓட்டிப் பார்த்தது. மூவரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோகும் ‘மத்ஸ்யா 6000’ கலத்தையும் அதே நிறுவனம் உருவாக்கிவருகிறது. சேற்றில் ஊர்ந்து கனிமம் தேடும் வண்டியின் படத்தைப் பார்த்ததும் எனக்கு அக்வாசோன் பெட்டிதான் ஞாபகம் வந்தது. பொம்மை ஆட்கள் தோண்டுவதை விட்டுப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். பார்த்துக்கொண்டிருந்த உண்மையான ஆட்கள் தோண்டத் தயாராகிறார்கள்.

பொம்மைகள் தாமே கடலுக்குள் போன கதையும் ஒன்று உண்டு. 1997 பிப்ரவரி 13 அன்று, ராட்டர்டாமிலிருந்து நியூயார்க் போய்க்கொண்டிருந்த ‘டோக்கியோ எக்ஸ்பிரஸ்’ கப்பலை இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அப்பால் பேரலை ஒன்று சாய்த்தது. 62 சரக்குப் பெட்டகங்கள் கடலில் விழுந்தன. அவற்றில் ஒன்றில் இருந்தவை 47,56,940 லெகோ துண்டுகள். அக்வாசோன் பெட்டிகளுக்கும் அதே ஆண்டு வெளிவந்த ‘டைவர்ஸ்’ பெட்டிகளுக்கும் போக வேண்டிய சாமான்கள் அதில் அடக்கம். காலில் மாட்டும் துடுப்புகள் 4,18,000, காற்றுக் கலங்கள் 97,500, கறுப்பு ஆக்டோபஸ்கள் 4,200, சுறாக்கள் 51,800. கார்ன்வால் கடற்கரையில் அப்போது பிள்ளைகள் அவற்றை வாளியில் பொறுக்கினார்கள். பிளாஸ்டிக் குப்பை என்று யாரும் முகம் சுளிக்காத காலம்.

இன்று அதே கரையில் பொறுக்குபவர்கள் கணக்கு வைக்கிறார்கள். ட்ரேசி வில்லியம்ஸ் என்பவர் கண்டெடுக்கப்படும் துண்டுகளைப் பதிவு செய்து 2022-இல் ஒரு புத்தகமும் எழுதியிருக்கிறார். மிதக்கும் துண்டுகள் கரைக்கு வந்தன, கனமானவை அடியில் தங்கின. சுறாக்களில் ஒன்று 2024-இல்தான் முதன்முறையாக ஒரு மீனவரின் வலையில் அகப்பட்டது. பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட கணிப்பின்படி ஒரு லெகோ கட்டை கடலில் 100 முதல் 1,300 ஆண்டுகள் வரை தாக்குப்பிடிக்கும். கரையில் ஒதுங்கிய பழைய கட்டைகளையும், அதே காலத்தில் வாங்கி வீட்டில் பத்திரமாக இருந்தவற்றையும் எடைபோட்டு ஒப்பிட்டுச் சொன்ன கணக்கு அது. பேரப்பிள்ளைக்கும் போய்ச்சேரும் உறுதி என்று எதைப் பாராட்டி வாங்குகிறோமோ, கடலுக்கு அதுவே கெடுதல்.

நிறுவனமும் சும்மா இருக்கவில்லை. பெட்டிக்குள் இருந்த பிளாஸ்டிக் பைகள் படிப்படியாகக் காகிதப் பைகளாகின்றன. இலை, செடி, மரம் போன்ற வளையும் துண்டுகளைக் கரும்பிலிருந்து எடுத்த பாலிஎத்திலீனில் செய்யப்போவதாக 2018-இல் அறிவித்தார்கள். ஆக, இன்றைய கடலடிப் பெட்டியில் அசையும் பாசி பிரேசில் கரும்பிலிருந்து வந்ததாகவே இருக்கக்கூடும். அதன் பக்கத்தில் நிற்கும் கட்டைகள் 1963-இல் போலவே ஏ.பி.எஸ். பிளாஸ்டிக். பழைய பாட்டில்களிலிருந்து கட்டை செய்யும் முயற்சி 2021-இல் ஆரவாரமாகத் தொடங்கி, கரியமில வாயுக் கணக்கில் ஆதாயம் இல்லை என்று 2023-இல் கைவிடப்பட்டது. அதை மறைக்காமல் சொன்னதற்காகவாவது மதிப்பெண் கொடுக்கலாம்.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பழைய அக்வாசோன் இப்போது சேகரிப்பாளர்களின் சரக்கு. முழுமையான பெட்டிக்கு அவர்கள் சொல்லும் விலை பிள்ளைகளின் விளையாட்டுக்குக் கட்டுப்படியாகாது. வாங்கினாலும் பாதி ஸ்டிக்கர் உரிந்திருக்கும். புதிய கடலடிப் பெட்டிகளும் நம் ஊரில் மலிவில்லை, ஆனால் கட்டுமானம் திடமானது, சுறா அழகு, கண்ணாடிக் கூரையில் கீறல் விழாமல் பார்த்துக்கொண்டால் பல வருடம் வரும். எட்டு வயதுப் பிள்ளைக்குத் தயங்காமல் வாங்கிக் கொடுங்கள். நிலையத்தை ஒருமுறை முழுதாகக் கட்டி முடித்ததும் கையேட்டை மட்டும் எட்டாத பரணில் போட்டுவிடுங்கள். அந்த நிலையத்தின் 497 துண்டுகளில் குறைந்தது நான்கு நீர்மூழ்கிகளாவது இருக்கின்றன, நிறுவனம் சொல்லாதவை.