பிள்ளைக்கு ஒரே வரி

நாகபுரியில் என் வீட்டுக்கு நண்பரின் மகள் வந்தாள். கையில் பரஸ்பர சம்மத விவாகரத்து மனு. "மாமா, கையெழுத்துப் போடலாமா?"

ரயில்வேயில் வரைபடத்தைப் பார்க்காமல் நான் ஒப்பமிட்டதில்லை. சேர்ந்தே படித்தோம். நகை, பாத்திரங்களுக்கு இரண்டு பக்கம். நான்கு வயதுப் பையனுக்கு ஒரே வரி, 'தாயிடம் இருப்பான்' என்று. பள்ளிக் கட்டணம் யார் கட்டுவது? தகப்பன் எப்போது பார்ப்பது? மூச்சே இல்லை!

"அஞ்சு வயசானா அவர்கிட்ட போயிடுவானா மாமா?" என்று அழுதாள். ஐந்து வயது வரை சாதாரணமாகத் தாயிடம் என்கிறது 1956-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம். அதற்காக, ஐந்து முடிந்ததும் தானாகக் கைமாற்றம் கிடையாது. குழந்தையின் நலனையே கோர்ட் பார்க்கும். இந்து திருமணச் சட்டம் 26-வது பிரிவின்படி, பிள்ளையின் பொறுப்பு, பராமரிப்பு, படிப்பு பற்றிய உத்தரவைத் தீர்ப்புக்குப் பின்னும் மாற்றக் கேட்கலாம்.

வக்கீலுக்குச் சற்று எரிச்சல்தான். ஒரு வரி ஒரு பக்கமாயிற்று. மறுவாரம் கையெழுத்திட்டாள்.