இந்த வாழ்நாளிலேயே பாவத்தை முழுதாக வெல்ல முடியுமா?

ஞாயிறு ஆராதனையில் முழங்காலிட்டுப் பாவ அறிக்கை செய்கிறோம். அடுத்த ஞாயிறும் அதே அறிக்கைதான், பல நேரம் அதே பாவங்களும்தான். ஆயுள் முழுவதும் இப்படியே போவதுதான் கிறிஸ்தவ வாழ்க்கையா? இல்லை, சாவதற்கு முன்பே பாவத்தின் பிடியிலிருந்து முழுதாக விடுபட வழி உண்டா? திருச்சபை ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாக இந்தக் கேள்வியோடு போராடி வருகிறது.

சுருக்கமான பதில் இது. தெரிந்தே செய்யும் பாவம் ஒரு விசுவாசியை இனி ஆளத் தேவையில்லை என்பதைப் பெரிய சபை மரபுகள் எல்லாம் ஏற்கின்றன. மன்னிப்பே தேவைப்படாத நிலையை இங்கேயே அடைந்துவிடலாம் என்று அவற்றில் எதுவும் போதித்ததில்லை. இவ்விரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதில்தான் கருத்து வேறுபாடு.

வேதம் சொல்வது

மலைப்பிரசங்கத்தில், மத்தேயு 5:48-இல், பரலோகப் பிதா பூரணராய் இருப்பதுபோல் சீஷரும் இருக்க வேண்டும் என்கிறார் இயேசு. சத்துருவை நேசிக்கச் சொல்லும் பகுதியின் முடிவாக அந்த வசனம் வருகிறது. நல்லவர் கெட்டவர் பாராமல் வெயிலையும் மழையையும் தருகிற பிதாவைப் போல, அன்பு காட்டுவதில் ஆள் பார்க்காதிருப்பதே அங்கே பேசப்படும் பூரணம். பாவம் இனி விசுவாசிகளை மேற்கொள்ளாது என்று ரோமர் 6 நம்பிக்கை தருகிறது. தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, அவர்கள் முற்றிலும் பரிசுத்தமாக்கப்பட வேண்டும் என்று பவுல் ஜெபிக்கிறார்.

மறுபக்கமும் இருக்கிறது. பாவம் செய்யாத நீதிமான் பூமியில் இல்லை என்கிறது பிரசங்கி. நாம் எல்லாரும் பல விஷயங்களில் தவறுகிறோம் என்று யாக்கோபு எழுதும்போது, தம்மையும் சேர்த்துக்கொண்டே சொல்கிறார். பிலிப்பியருக்கு எழுதிய பவுல், தாம் இன்னும் இலக்கை அடைந்துவிடவில்லை, அதை நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறேன் என்கிறார். அப்போது அவர் பல ஆண்டு ஊழியம் செய்து, சிறையில் இருந்த மனிதர்.

யோவானின் முதல் நிருபத்தில் இந்த இரண்டு குரலும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. தன்னிடம் பாவமில்லை என்பவன் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறான் என்கிறது முதல் அதிகாரம். தேவனால் பிறந்தவன் பாவம் செய்வதில்லை என்கிறது மூன்றாம் அதிகாரம். தன் பாவத்தை மறுப்பவனுக்கு முதலாவது எச்சரிக்கை. பாவத்திலேயே குடியிருந்துகொண்டு தேவனுடைய பிள்ளை என்று சொல்லிக்கொள்பவனுக்கு இரண்டாவது எச்சரிக்கை. இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளாத எந்தப் போதனையும் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

பெலாஜியஸும் அகுஸ்தீனும்

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமாபுரியில் வாழ்ந்த பெலாஜியஸ் என்ற துறவி, பேருக்குக் கிறிஸ்தவர்களாக இருந்தவர்களின் ஒழுக்கக்கேட்டைக் கண்டு மனம் நொந்தவர். மனிதனால் முடியாததைத் தேவன் கட்டளையிட மாட்டார், ஆகவே மனம் வைத்தால் பாவமின்றி வாழலாம் என்பது அவருடைய வாதம். வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீன் (354–430) இதை எதிர்த்தார். மனித சித்தமே நோயுற்றுக் கிடக்கிறது, கட்டளையிடும் தேவனே அதைச் செய்யும் பலத்தையும் தந்தாக வேண்டும் என்றார். கிருபையால் ஒருவரைப் பாவமில்லாதவராக்கத் தேவனுக்கு வல்லமை இல்லை என்று அவர் சொல்லவில்லை. அப்படி முழுமை அடைந்த மனிதரை வேதத்திலும் வாழ்க்கையிலும் காண முடியவில்லை என்பதே அவருடைய பதில்.

418-இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்களின் சங்கம் பெலாஜியஸின் போதனையைக் கண்டனம் செய்தது. அதன் தீர்மானங்களில் ஒன்று இன்றைக்கும் பொருந்தும். எங்கள் கடன்களை மன்னியும் என்ற விண்ணப்பத்தைப் பரிசுத்தவான்கள் தாழ்மைக்காகச் சொல்வதில்லை, உண்மையாகவே தங்களுக்காகச் சொல்கிறார்கள் என்று அது அறிவித்தது. கர்த்தருடைய ஜெபத்தைத் தாண்டிப் போய்விட்ட கிறிஸ்தவர் யாரும் இல்லை என்பதே இதன் பொருள்.

லூத்தரும் திரெந்தும்

விசுவாசி ஒரே நேரத்தில் நீதிமானாகவும் பாவியாகவும் இருக்கிறான் என்று மார்ட்டின் லூத்தர் போதித்தார். ரோமர் நிருபம் பற்றிய 1515–16 விரிவுரைகளில் இதற்கு ஒரு நோயாளியை உதாரணமாகக் காட்டினார். நிச்சயம் குணமாவாய் என்று வாக்குக் கொடுத்த வைத்தியரை நம்பி, அவர் விலக்கச் சொன்னதை விலக்கிப் படுத்திருக்கும் நோயாளி அவன். நோய் இன்னும் தீரவில்லை. ஆனால் வைத்தியரின் வாக்கு உறுதியானது, குணமாவதும் தொடங்கிவிட்டது. நோய் இருக்கிறதே என்று அவன் கலங்க வேண்டியதில்லை, நோயோடு சமாதானமாகிவிடவும் கூடாது.

கத்தோலிக்கத் திருச்சபை வேறு விதமாகப் பிரித்துப் பார்க்கிறது. தேவனோடுள்ள உறவையே முறிக்கும் சாவான பாவத்தை, அருளின் உதவியால் தவிர்த்து வாழ முடியும். அற்பப் பாவங்கள் உட்பட எல்லாப் பாவங்களையும் வாழ்நாள் முழுவதும் தவிர்ப்பது, கன்னி மரியாவுக்கு அளிக்கப்பட்டது போன்ற தனிச் சலுகை இல்லாமல் முடியாது என்று 1547-இல் திரெந்து பொதுச்சங்கம் வரையறுத்தது.

கிழக்குத் திருச்சபைகள் பெரிதும் மதிக்கும் நான்காம் நூற்றாண்டு ஆயர் நிசா கிரகோரி, பூரணத்தையே வேறு கோணத்தில் பார்த்தார். தேவன் எல்லையற்றவர் என்பதால் அவரை நோக்கிய வளர்ச்சிக்கும் எல்லை இருக்க முடியாது. நின்றுவிடாமல் வளர்ந்துகொண்டே இருப்பதுதான் மனிதனுக்குரிய பூரணம் என்றார் அவர்.

ஜான் வெஸ்லி வைத்த நம்பிக்கை

இந்தக் கேள்விக்குத் துணிந்து ஆம் என்று பதில் சொன்னவர் இங்கிலாந்தின் ஜான் வெஸ்லி (1703–1791). மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கியவர். கிறிஸ்தவப் பூரணம் குறித்து 1741-இல் ஒரு பிரசங்கத்தை வெளியிட்டார், 1766-இல் அதே பொருளில் முழு நூலும் எழுதினார்.

அவர் சொன்ன பூரணம் எது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். முழு இருதயத்தோடு தேவனிடத்தில் அன்புகூருவதும், தன்னைப்போல் பிறனை நேசிப்பதுமே அது. அந்த அன்பு இருதயத்தை நிரப்பும்போது பகைக்கும் பெருமைக்கும் அங்கே இடமிருக்காது. ஆனால் அப்படிப்பட்டவரும் அறியாமையில் தவறு செய்வார், மறந்துபோவார், ஒருவரைத் தப்பாக எடைபோடுவார், சோதிக்கப்படுவார். அந்த நிலையிலிருந்து விழவும் கூடும். கிறிஸ்துவின் இரத்தமும் மன்னிப்புக்கான ஜெபமும் அவருக்கும் தினமும் தேவை.

இங்கே பாவம் என்பதற்கு வெஸ்லி கொடுத்த வரையறை முக்கியமானது. தேவனுடைய கட்டளை என்று தெரிந்தும் மனமறிந்து அதை மீறுவதையே அவர் பாவம் என்று சரியான பொருளில் அழைத்தார். சீர்திருத்த சபையினரின் அளவுகோல் இதைவிடப் பெரியது. தேவனுடைய பரிசுத்தத்துக்குக் குறைவான எதுவும், நமக்கே தெரியாத உள்நோக்கம் உட்பட, பாவமே என்பார்கள். இரவெல்லாம் நோயாளியைக் கவனித்துக் களைத்துப்போன ஒரு செவிலியர், விடியற்காலையில் தன்னை அறியாமல் ஒரு கடுஞ்சொல் சொல்லிவிடுகிறார். முதல் அளவுகோலின்படி அது பலவீனம், இரண்டாவதின்படி அதுவும் பாவம். இரு தரப்பாரும் அதற்காக மன்னிப்புக் கேட்கத்தான் சொல்வார்கள். பல நேரம் இவர்கள் தூரத்தில் நிற்பதுபோல் தோன்றுவதற்கு இந்த அளவுகோல் வேறுபாடே காரணம்.

எல்லா வேறுபாட்டையும் அப்படித் தீர்த்துவிடவும் முடியாது. 1741 செப்டம்பரில் லண்டனில் மொரேவிய சபைத் தலைவர் சின்சென்டார்ஃப், வெஸ்லியோடு இலத்தீனில் வாதாடினார். கிறிஸ்துவே நம் பூரணம், நமக்குள் தனியாக ஒரு பூரணம் கிடையாது என்றார் அவர். கிறிஸ்துவின் ஆவியானவர் நமக்குள்ளேயே மெய்யான பரிசுத்தத்தை உண்டாக்குகிறார் என்றார் வெஸ்லி. அந்த உரையாடல் உடன்பாட்டில் முடியவில்லை.

1763: லண்டனில் கிடைத்த எச்சரிக்கை

1760-களின் தொடக்கத்தில், வெஸ்லி போதித்த பூரண அன்பின் அனுபவத்தைப் பெற்றதாகப் பலர் சாட்சி சொன்னார்கள். லண்டன் மெதடிஸ்ட் சங்கத்தில் மட்டும் 652 பேரின் சாட்சி தமக்குத் தெளிவாகத் தெரிந்ததாக வெஸ்லி பின்னாளில் எழுதினார். அவர்களுக்குள்ளே ஜார்ஜ் பெல், தாமஸ் மேக்ஸ்ஃபீல்டு போன்றோரைச் சூழ்ந்த சிலர் எல்லை மீறினார்கள். தேவதூதருக்கு நிகரான பூரணம், இனி சோதனையே வராது, விழவே முடியாது என்ற பேச்செல்லாம் எழுந்தது. 1763 பிப்ரவரி 28-இல் உலகம் முடியும் என்று பெல் அறிவித்தார். வெஸ்லி அதை வெளிப்படையாகக் கண்டித்தார். குறித்த நாளும் வந்து போனது. ஆனால் சங்கம் பிளவுபட்டது, பூரணம் என்ற சொல்லே பலருக்குக் கசந்துபோனது.

போதனையைக் கைவிடாமலேயே வெஸ்லி இதிலிருந்து கற்றுக்கொண்டார். எல்லாவற்றுக்கும் முன்னால் பெருமையைக் குறித்து எச்சரித்து எழுதினார். தாம் அந்த நிலையை அடைந்ததாக அவர் ஒருபோதும் உரிமை கோரவில்லை, தாம் விவரிக்கும் நிலையைத் தாமே இன்னும் எட்டவில்லை என்று அச்சிலேயே ஒப்புக்கொண்டார். பெரும்பாலானவர்களுக்கு இது சாவுக்குச் சற்று முன்னர்தான் கிடைக்கிறது, அதற்குப் பல ஆண்டுகள் முன்பே கிடைக்கவும் கூடும் என்பதே அவர் கடைசிவரை கொண்டிருந்த கருத்து.

அவர் பேசிய அன்பு ஜெப அறைக்குள் அடைபட்டும் கிடக்கவில்லை. 1746-இல் லண்டனில் ஏழைகளுக்கு இலவச மருந்து கொடுக்கும் இடத்தைத் தொடங்கினார். 1774-இல் அடிமை வியாபாரத்தைக் கண்டித்து நூல் வெளியிட்டார். பிறர் படும் துன்பம் கண்ணில் படாத பரிசுத்தத்தை அவர் பரிசுத்தம் என்று ஏற்கவில்லை.

தமிழ்ச் சபைகளில்

வெஸ்லியின் வழிவந்த மிஷனரிகள் 1814-இல் இலங்கை வந்து, யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் ஊழியத்தைத் தொடங்கினார்கள். 1817-இல் ஜேம்ஸ் லிஞ்ச் அங்கிருந்து சென்னைக்கு வந்தார். அதற்கு நூறாண்டுக்கும் முன்பே, 1706-இல், தரங்கம்பாடிக்கு லூத்தரன் மரபு வந்துவிட்டிருந்தது. 1875-இல் இங்கிலாந்தின் கெசிக் நகரில் தொடங்கிய கூட்டங்கள் மூன்றாவது ஒரு பதிலைச் சொல்லின. பாவ சுபாவம் உள்ளே இருக்கத்தான் செய்யும், ஆனால் ஆவியானவரின் பலத்தால் அதை மேற்கொண்டு வாழலாம் என்பது அது. கெசிக்கின் ஆதரவோடு ஊழியத்துக்குப் புறப்பட்ட ஏமி கார்மைக்கேல்தான் பின்னர் திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் குழந்தைகளைக் காக்க வாழ்நாளைக் கொடுத்தவர்.

1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் ஒன்றாயின. ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இருவர் இந்தக் கேள்விக்கு வெவ்வேறு பதில்களை முன்னோரிடமிருந்து பெற்றிருக்கலாம். அது பிரிவினைக்குக் காரணமாகவில்லை என்பது நன்றிக்குரிய விஷயம்.

நாம் என்ன செய்வது?

கன்வென்ஷன் கூட்டத்தில் கண்ணீரோடு ஒப்புக்கொடுத்துவிட்டு, பத்தே நாளில் பழைய பாவத்தில் விழுந்து, எனக்கு இரட்சிப்பே இல்லையோ என்று உடைந்துபோகும் வாலிபர்கள் நம் சபைகளில் உண்டு. அவர்களுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். விழுந்தது போராட்டம் பொய் என்பதற்குச் சாட்சி அல்ல. எழுந்து, அறிக்கை செய்து, தொடர்வதும் வெற்றியின் பகுதியே. பல வருடம் வேரூன்றிய குடிப்பழக்கம் போன்றவற்றுக்கு ஜெபத்தோடு மருத்துவமும் ஆலோசனையும் தேடுவது விசுவாசக் குறைவு ஆகாது.

வேறு சிலரும் இருக்கிறார்கள். மனிதன்தானே, அப்படித்தான் இருப்போம் என்று சொல்லி இருபது வருடக் கோபத்தையும், சொத்துத் தகராறில் பிறந்த பகையையும், சாதிப் பெருமையையும் அப்படியே வைத்துக்கொண்டு திருவிருந்துக்கு வருபவர்கள். இவர்கள் லூத்தரின் போதனையைச் சாக்காகப் பயன்படுத்த முடியாது. குணமாக விரும்பாத நோயாளியைப் பற்றி அவர் பேசவில்லை.

தனியாகவும் இந்தப் போராட்டத்தை நடத்த வேண்டியதில்லை. 1738-இல் வெஸ்லி வகுத்த சிறு குழு விதிகளில் வாரந்தோறும் கேட்க வேண்டிய கேள்விகள் இருந்தன. கடந்த கூட்டத்துக்குப் பின் தெரிந்தே செய்த பாவம் எது என்பது அவற்றில் முதலாவது. பூரணத்தை நாடியவர்கள்தான் வாரந்தோறும் அதற்குப் பதில் சொன்னார்கள். நம்பத்தக்க இரண்டு மூன்று பேரிடம் உண்மையைச் சொல்லும் பழக்கம் இன்று நம்மிடம் அரிதாகிவிட்டது, அதை மீட்டெடுக்க வேண்டும்.

மெதடிஸ்ட் மரபில் குருப்பட்டம் பெற வருபவர்களிடம் வெஸ்லி காலத்துக் கேள்விகள் சில இன்றும் கேட்கப்படுகின்றன. பூரணத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறீர்களா, இந்த வாழ்விலேயே அன்பில் பூரணமாக்கப்படுவீர்கள் என்று எதிர்பார்க்கிறீர்களா என்பவை அவை. அடைந்துவிட்டீர்களா என்று யாரும் கேட்பதில்லை. எல்லா விசுவாசிகளும் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இவை. நம்மால் முடியும் என்று நம்புகிறவன் பெருமையில் விழுவான், தேவனாலும் முடியாது என்று நினைக்கிறவன் முயல்வதையே விட்டுவிடுவான். நம்மில் தொடங்கிய வேலையை முடிக்க வல்லவர் ஒருவர் இருக்கிறார் என்று நம்பி, இன்று தெரிந்த பாவத்தை இன்றே விட்டு, இன்று மன்னிக்க வேண்டியவரை இன்றே மன்னிப்பதுதான் இந்தக் கேள்விக்கு நாம் வாழ்ந்து சொல்ல வேண்டிய பதில்.