தூசிக்குள் பிறக்கும் விண்மீன்கள்

ஜிந்துப்பிட்டி வீதியில் நின்று நாம் இரவு வானை நோக்கினால், மின்விளக்குகளின் ஒளியை மீறிச் சில விண்மீன்களே தெரிகின்றன. தொலைதூர விண்மீன் மண்டலங்களை ஆராய்வோருக்கு அங்குள்ள தூசியே பெரும் இடையூறு. புதிய விண்மீன்கள் அடர்ந்த தூசி மேகங்களுக்குள் பிறக்கின்றன; அவற்றின் ஒளியில் பெரும்பகுதியை அத்தூசி விழுங்கிவிடுகின்றது.

எக்ஸ் கதிர் என்றதும் எமக்கு நினைவில் வருவது வைத்தியசாலையே. ஆயினும் வலிமை மிக்க எக்ஸ் கதிர்களும் வானொலி அலைகளும் அத்தூசியை ஊடறுத்து வருகின்றன. அவை பிறப்பைத் தெரிவிப்பது இறப்பைக் கொண்டாகும். பெரும் விண்மீன்கள் சில கோடி ஆண்டுகளுக்குள் வெடித்து மடிகின்றன. அவ்வெடிப்பினால் உந்தப்படும் இலத்திரன்கள் காந்தப்புலத்தில் சுழன்று வானொலி அலைகளை உமிழ்கின்றன. எஞ்சும் நியூத்திரன் விண்மீனோ கருந்துளையோ துணை விண்மீனின் வாயுவை இழுக்கையில் எக்ஸ் கதிர் வெளிப்படுகின்றது. அற்ப ஆயுள் கொண்டவை எத்தனை மடிகின்றன என்பதறிந்தால், எத்தனை பிறக்கின்றன எனக் கணிக்கலாம். மண்டலத்தின் மையத்திலுள்ள பெருங்கருந்துளையும் இவ்விரண்டையும் உமிழக்கூடுமாதலால் கணக்குப் பிழைப்பதுண்டு. வானொலி அலையின் அளவுக்கு மிஞ்சி எக்ஸ் கதிர் இருப்பின் ஐயம் அதன்மீதே விழும்.

1999இல் ஏவப்பட்ட சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி, தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கியுள்ளது. வானொலி அலைகளுக்கெனப் புனே அருகே 30 பாரிய அலைவாங்கிகள் இயங்குகின்றன. அவற்றின் மூலம் 7,653 மண்டலங்களின் சமிக்ஞைகளை ஒன்றுதிரட்டிய இந்திய ஆய்வாளர்கள் தமது முடிவை 2020இல் வெளியிட்டனர். விண்மீன்களின் மூலப்பொருளான ஐதரசன் வாயு, 800 கோடி ஆண்டுகளுக்கு முன்னைய பிறப்பு வேகத்துக்கு 100 முதல் 200 கோடி ஆண்டுகளுக்கே போதுமானதாயிருந்ததாம். பின்னர் பிரபஞ்சத்தில் விண்மீன் பிறப்புத் தளர்ந்தமைக்கு இப்பற்றாக்குறையே காரணமாகலாம் என அவர்கள் கருதுகின்றனர்.