நடிப்பல்ல, நரம்பு... மைக்ரேனின் மூலத்தைத் தேடிப் பிடித்த கதை!

ஜன்னல் திரைகளை இழுத்து மூடிவிட்டு, நெற்றியில் துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மிக்ஸி சத்தம்கூடக் கேட்கக் கூடாது என்று இருட்டறையில் சுருண்டு படுத்திருக்கும் ஒருவர் பல வீடுகளில் உண்டு. பெரும்பாலும் அது அம்மாவாகவோ அக்காவாகவோ இருக்கும்.

'வெறும் தலைவலிதானே... ஒரு காபி குடிச்சா சரியாயிடும்', 'விசேஷத்துக்குக் கிளம்புற அன்னிக்குப் பார்த்துத்தான் இவளுக்குத் தலைவலி வரும்' என்று நாமும் சாதாரணமாகச் சொல்லியிருப்போம். ஸ்கேன் எடுத்தால் 'எல்லாம் நார்மல்' என்று ரிப்போர்ட் வரும். அதன் பிறகு அவர் சொல்வதை யார் நம்புவார்கள்?

ஆனால், அந்த வலிக்கு ரத்தத்திலேயே சாட்சி இருக்கிறது. அதைத் தேடிப் பிடித்து, அதற்கென்று ஒரு மருந்து வந்து சேர சுமார் 40 ஆண்டுகள் ஆயின. அந்தப் பணிக்காக, மூளை ஆராய்ச்சியின் மிகப்பெரிய விருதுகளில் ஒன்றான 'பிரெய்ன் பிரைஸ்' 2021-ல் நான்கு பேருக்குப் பகிர்ந்து வழங்கப்பட்டது. உலகில் 100 கோடிக்கும் அதிகமானவர்களைப் பாதிக்கும் மைக்ரேனின் கதை அது.

மூளைக்கு வலிக்காது!

உடம்பில் எங்கே அடிபட்டாலும் அதை 'வலி' என்று உணர்த்துவது மூளைதான். ஆனால், அந்த மூளைக்கு வலி தெரியாது. வலியை உணரும் நரம்பு முனைகள் மூளைத் திசுவில் இல்லை. அதனால்தான் சில மூளை அறுவை சிகிச்சைகளின்போது, நோயாளியை விழித்திருக்கச் செய்து, அவரோடு பேசிக்கொண்டே டாக்டர்களால் ஆபரேஷன் செய்ய முடிகிறது.

அப்படியானால் மைக்ரேனில் எது வலிக்கிறது? மூளையைப் போர்த்தியிருக்கும் உறையும், அதில் ஓடும் ரத்தக்குழாய்களும்தான். அங்கிருந்து வலிச் செய்தியைக் கொண்டுபோவது 'டிரைஜெமினல்' என்ற நரம்பு. முகத்துக்கும் இதே நரம்புதான். நெற்றி, கண், கன்னம், தாடை, பல் என எல்லா இடத்துக்கும் இதன் கிளைகள் போகின்றன. மைக்ரேன் வலி கண்ணுக்குப் பின்னால் குத்துவதும், பலர் அதை சைனஸ் என்றோ, கண்ணாடி பவர் மாறிவிட்டது என்றோ நினைத்து அலைவதும் இதனால்தான்.

ரத்தக்குழாய் மீது விழுந்த பழி

அமெரிக்க மருத்துவர் ஹரோல்டு உல்ஃப், 1930-களின் இறுதியில் ஒரு விளக்கம் சொன்னார். தலையின் ரத்தக்குழாய்கள் விரிவதால்தான் மைக்ரேன் வருகிறது என்பது அவர் கருத்து. ரத்தக்குழாயைச் சுருக்கும் எர்கோட்டமின் மருந்தைக் கொடுத்தபோது, பொட்டில் துடிக்கும் நாடி அடங்கியது, வலியும் குறைந்தது. கேட்பதற்கு நியாயமாக இருந்ததால், பல பத்தாண்டுகள் இந்த விளக்கமே கோலோச்சியது.

1979-ல் பாஸ்டனைச் சேர்ந்த மைக்கேல் மாஸ்கோவிட்ஸ் வேறு இடத்தைச் சுட்டிக் காட்டினார். 'குழாயை மட்டும் பார்க்காதீர்கள், அதைச் சுற்றியிருக்கும் டிரைஜெமினல் நரம்பைப் பாருங்கள். அந்த நரம்பு முனைகள் ஏதோ ரசாயனத்தைக் கக்குகின்றன' என்பது அவர் வாதத்தின் சாரம்.

எந்த ரசாயனம்? ஸ்வீடனின் லுண்ட் நகரத்தில் லார்ஸ் எட்வின்சன் அதைத் தேடிக்கொண்டிருந்தார். மூளை ரத்தக்குழாய்களைச் சுற்றியுள்ள நரம்புகளில் சி.ஜி.ஆர்.பி என்ற சிறிய புரதத் துணுக்கு இருப்பதை 1980-களில் அவர் கண்டார். வெறும் 37 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சரம் அது!

கழுத்து ரத்தத்தில் சிக்கிய தடயம்

இருக்கிறது என்றால் போதுமா? வலிக்கும் நேரத்தில் அது வெளியே வருகிறது என்று காட்ட வேண்டுமே. எட்வின்சனும் ஆஸ்திரேலியரான பீட்டர் கோட்ஸ்பியும் கைகோத்தார்கள். மைக்ரேன் வலியில் துடித்துக்கொண்டிருந்தவர்களின் கழுத்து ரத்தக்குழாயிலிருந்து ரத்தம் எடுத்துப் பரிசோதித்தார்கள். பல நரம்பு ரசாயனங்களை அளந்ததில், சி.ஜி.ஆர்.பி மட்டும் தெளிவாக உயர்ந்திருந்தது. 1990-ல் இந்த முடிவு வெளியானது. 1993-ல் அடுத்த ஆதாரம்... சுமாட்ரிப்டான் மருந்து கொடுத்து வலி குறைந்தபோது, ரத்தத்தில் சி.ஜி.ஆர்.பி அளவும் பழைய நிலைக்கு இறங்கியது.

இருந்தும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. சி.ஜி.ஆர்.பி வலிக்குக் காரணமா, வலியோடு கூட வரும் விருந்தாளியா? டென்மார்க்கின் ஜெஸ் ஒலெசன் குழு நேரடியாகச் சோதித்தது. மைக்ரேன் உள்ளவர்களுக்கு, அவர்கள் சம்மதத்துடன், சி.ஜி.ஆர்.பி-யை ரத்தக்குழாய் வழியாக ஏற்றினார்கள். சில மணி நேரத்தில் பலருக்கும் மைக்ரேன் போன்ற அதே வலி வந்தது. 2002-ல் இந்த முடிவு வெளியான பிறகு சந்தேகத்துக்கு இடம் குறைந்தது.

மருந்து வந்த பாதை

சி.ஜி.ஆர்.பி-யைத் தடுக்கும் முதல் மருந்து வலியைக் குறைக்கிறது என்று 2004-ல் நிரூபணமானது. ஆனால், அதை ரத்தக்குழாயில்தான் ஏற்ற முடிந்தது, மாத்திரையாக்க முடியவில்லை. அடுத்து வந்த மாத்திரை சிலருக்குக் கல்லீரலைப் பாதித்ததால் கைவிடப்பட்டது. இறுதியில், மாதம் ஒருமுறை தோலுக்கடியில் போட்டுக்கொள்ளும் எரெனுமாப் ஊசிக்கு 2018-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. மைக்ரேனைத் தடுப்பதற்கென்றே, அதன் காரணத்தைக் குறிவைத்து உருவாக்கப்பட்ட மருந்து இது. அதுவரை தடுப்புக்குக் கொடுக்கப்பட்டவை பெரும்பாலும் ரத்த அழுத்தத்துக்கும், வலிப்புக்கும், மனச்சோர்வுக்கும் வந்த மருந்துகள்தாம்.

இது மந்திர ஊசியும் அல்ல. 955 பேரிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வில், அதிக அளவு மருந்து எடுத்தவர்களில் பாதிப் பேருக்கு மைக்ரேன் நாள்கள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தன. மருந்தில்லாத போலி ஊசி போட்டவர்களில் கால்வாசிப் பேருக்கும் அதே பலன் கிடைத்தது. விலையும் அதிகம். யாருக்குத் தேவை என்பதை நரம்பியல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

சாக்லேட் செய்த தப்பு என்ன?

'சாக்லேட் சாப்பிட்டேன், மைக்ரேன் வந்துடுச்சு' என்று பலர் சொல்வதுண்டு. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், மைக்ரேன் உள்ள ஒருவரை 30 நாள்கள் தினமும் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். வலி வருவதற்கு முந்தைய 24 மணி நேரத்திலேயே மூளையின் ஹைபோதலாமஸ் பகுதியின் செயல்பாடு மாறியிருந்தது. பசி, தூக்கம் போன்றவற்றைக் கவனிக்கும் பகுதி அது. கொட்டாவி, எரிச்சல், கழுத்து இறுக்கம், இனிப்பு மேல் திடீர் ஆசை எல்லாம் மைக்ரேன் ஏற்கெனவே தொடங்கிவிட்டதன் அறிகுறிகளாக இருக்கலாம். சாக்லேட் மீது ஆசை வந்ததே மைக்ரேனால்தானோ என்னவோ!

சிலருக்கு வலிக்கு முன் கண்ணில் வளைந்து நெளியும் மின்னல் கோடுகள் தெரியும். இதற்கு 'ஆரா' என்று பெயர். கார்ல் லாஷ்லி என்ற விஞ்ஞானி தனக்கு வந்த கோடுகளை வரைந்து கணக்கிட்டு, மூளையின் மேற்பரப்பில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று 1941-ல் எழுதினார். 1944-ல் பிரேசிலைச் சேர்ந்த அரிஸ்டிடிஸ் லியாவோ, அதே போன்ற மந்தமான அலை ஒன்று முயல்களின் மூளையில் பரவுவதைப் பதிவு செய்தார். பலத்த காயம்பட்ட மனித மூளையிலும் இந்த அலை எழுவதைப் பின்னாளில் மருத்துவர்கள் கண்டார்கள்.

தலையில் அடிபட்டவர்களுக்கும் இந்த ஆராய்ச்சி உதவுகிறது. பைக்கிலிருந்து விழுந்து, காயம் ஆறி, ஸ்கேனும் சரியாக இருந்தும் மாதக்கணக்கில் தலைவலியால் அவதிப்படுபவர்கள் இருக்கிறார்கள். டென்மார்க்கில் அப்படிப்பட்ட 30 பேருக்கு சி.ஜி.ஆர்.பி ஏற்றிப் பார்த்தபோது 21 பேருக்கு மைக்ரேன் போன்ற வலி வந்தது. போலி மருந்து ஏற்றிய நாளில் 6 பேருக்குத்தான் வந்தது. ஆக, 'எல்லாம் மனசுதான்' என்று இவர்களையும் ஒதுக்கிவிட முடியாது.

நீங்கள் செய்ய வேண்டியவை

* ஒரு டைரியில் வலி வந்த தேதி, நேரம், தூக்கம், மாதவிடாய், எடுத்த மாத்திரை ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். மருத்துவருக்கு ஸ்கேனைவிட இது அதிகம் சொல்லும்.

* மாத்திரையும் தலைவலி தரும்! பாராசிட்டமால் போன்றவற்றை மாதத்துக்கு 15 நாள்களோ அதற்கு மேலோ, டிரிப்டான் அல்லது கலவை மாத்திரைகளை 10 நாள்களோ அதற்கு மேலோ மூன்று மாதங்களைத் தாண்டி எடுத்தால், அதுவே தலைவலியை நிரந்தரமாக்கலாம்.

* டிரிப்டான் ரத்தக்குழாயைச் சுருக்கும். இதய நோய் உள்ளவர்கள் தாங்களாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

* ஆரா வரும் பெண்கள், கருத்தடை மாத்திரை எடுப்பதற்கு முன் அதை மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரைகள் பக்கவாத அபாயத்தைக் கூட்டலாம்.

* இடி விழுந்தாற்போல் திடீரென வரும் கடும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், அடிபட்ட பின் தொடர் வாந்தி... இவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். 50 வயதுக்கு மேல் முதன்முறையாக வரும் தலைவலியையும் அலட்சியப்படுத்த வேண்டாம்.

மைக்ரேன் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். வலியோடு சமையலையும் முடித்து, பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, 'ஒண்ணுமில்ல' என்று சொல்லிப் பழகியவர்கள் அவர்கள்.

அடுத்த முறை உங்கள் வீட்டில் அந்த அறைக் கதவு சாத்தப்பட்டால், டிவி சத்தத்தைக் குறையுங்கள். தண்ணீரும் மாத்திரையும் எடுத்துக் கொடுங்கள். அன்றைய சமையலை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். வலி குறைந்ததும், 'டாக்டரைப் பார்க்கலாம், நானும் வர்றேன்' என்று சொல்லுங்கள். 'நம்புறேன்' என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.