எந்த பெட்ரோல் போடுவது?



கருவடிக்குப்பம் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களும், தமிழ்நாட்டைவிட இங்கே விலை குறைவு என்று எல்லை தாண்டி வந்து டாங்கை நிரப்புகிறவர்களும் பங்க்கில் தயங்கி நிற்பது இந்த ஒரு கேள்வியில்தான்: "சாதா போடவா, பிரீமியம் போடவா?" லீவுக்குப் பிரான்சிலிருந்து வந்த மச்சான் "அங்கெல்லாம் 98தான்" என்று சொல்லிவிட்டால் குழப்பம் இன்னும் கூடிப்போகும்.

ஆக்டேன் எண் பெட்ரோலின் சக்தியைக் காட்டுவதல்ல. நெருக்கத்தைத் தாங்கும் குணத்தைக் காட்டுவது. சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவியை பிஸ்டன் நெருக்குகிறது; நெருக்கினால் சூடேறும். பிளக் பொறி விட்டபின் தீ சீராகப் பரவ வேண்டும். அது போய்ச் சேருமுன்பே ஓரத்தில் மிச்சமிருக்கும் ஆவி தானாகப் பற்றி வெடித்தால் உள்ளே யாரோ தட்டுகிற மாதிரி சத்தம் வரும். மெக்கானிக் 'நாக்கிங்' என்பார். பாரத்தோடு மேடு ஏறும்போது நன்றாகக் கேட்கும். கவனிக்காமல் விட்டால் பிஸ்டனே ஓட்டையாகலாம். எண் கூடினால் இப்படித் தானாகப் பற்றுவது குறையும். அவ்வளவுதான் விஷயம்!

ஆகவே, 91 போதும் என்று செய்த இஞ்சினில் 100 ஊற்றினால் எரிவது உங்கள் காசுதான். டர்போ வண்டிகள் சிலவற்றுக்கு 95 வேண்டும். கையேட்டிலோ டாங்க் மூடியின் உட்புறமோ போட்டிருக்கும். அதற்குக் கீழே இறங்கக் கூடாது. புது வண்டியில் சென்சார் பொறியைத் தாமதப்படுத்தி இஞ்சினைக் காப்பாற்றிவிடும் என்பது உண்மைதான். ஆனால் இழுவை குறையுமே!

மச்சான் சொன்ன 98ம் நம் எண்ணும் ஒரே அளவுகோல். அமெரிக்க பங்க்கில் 87 என்றிருப்பது வேறு கணக்கு. ஏறக்குறைய நம்முடைய 91தான் அது.

இனி நம் வயல் சமாசாரம். கரும்பு, மக்காச்சோளம், உடைந்த அரிசி இவற்றிலிருந்து எடுக்கும் எத்தனால் இப்போது சாதா பெட்ரோலிலேயே 20 சதம் வரை கலந்து வருகிறது. எத்தனாலின் ஆக்டேன் 100க்கும் மேல். அதனால் சாதாவின் எண்ணும் 91லிருந்து 95 அளவுக்கு உயர்ந்திருக்கிறது. பிரீமியத்துக்குக் கூடுதல் காசு கொடுக்குமுன் இதையும் யோசியுங்கள். ஆனால் எத்தனாலில் வெப்பம் குறைவு. பழைய கார்களில் மைலேஜ் 6, 7 சதம் குறையும் என்று நிதி ஆயோக் 2021லேயே கணக்கிட்டது. பழைய ரப்பர் குழாய்களையும் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

களையெடுக்கும் இயந்திரம், பெட்ரோல் ஸ்பிரேயர் மாதிரி மாசக்கணக்கில் சும்மா கிடப்பவை இருக்கிறதல்லவா? எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் பிரிந்து டாங்க்கின் அடியில் தங்கும். வேலை முடிந்ததும் டாங்க்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் இருப்பது தீரும்வரை ஓட்டி நிறுத்திவிடுங்கள்.